இரண்டு வார விசா

மாயாண்டி அண்ணன் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் லிந்துலைக்கு மேலே, பெரிய ரோட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நான் அங்கே ஆட்டோ ஓட்டுகிறேன். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் அவருடைய வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவர் ஃபேக்டரியில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவர். தேயிலை காயவைக்கும் அடுப்புப் பக்கம். குடித்துவிட்டு யாரிடமும் வம்புக்குப் போனதில்லை. பெண்டாட்டி மேல் கை நீட்டியதில்லை. லயத்தில் ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்றால் யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் வந்து நிற்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரே நாளில் மூன்று பொய் சொன்னார். இரண்டு மனைவியிடம், ஒன்று மகளிடம். அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அவருடைய மனைவி பூரணி அக்கா பதினேழு வயதில் கொழுந்து பறிக்கக் கூடை தூக்கியவர். எங்கள் பக்கத்துக் குளிர் தெரிந்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் மலைக்குப் போனால் இலையெல்லாம் தண்ணீராக நிற்கும். இடுப்பில் நனையாத படங்குத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், தலைக்குத் துணி கட்டிக்கொள்ளலாம், விரலுக்கு ஒன்றும் செய்ய முடியாது. விரல்தானே வேலை செய்கிறது. அண்ணன் முப்பத்தொரு வருடம் சூட்டில் நின்றார். அக்கா முப்பத்தெட்டு வருடம் ஈரத்தில் நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியதும் அக்காவுக்கு விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்தன. கொழுந்து எடுப்பதை நிறுத்திய பிறகும் குறையவில்லை. காலையில் கையை மூட முடியாது. மாவு பிசைய முடியாது. நீளமான முடி அவருக்கு, அதைப் பின்னுவதை விட்டுவிட்டு அள்ளி ஒரு ரப்பர் வளையம் போட்டுக்கொள்வார். கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, குளிரில் இருக்கவேண்டாம் என்றார்களாம். "இங்க இருந்துக்கிட்டு குளிர்ல இருக்காதன்னா எங்க போறது" என்று அக்கா எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

அவர்களுக்கு ஒரே மகள், தனுஜா. எங்கள் லயத்திலிருந்து பட்டம் படிக்கக் கெம்பஸ் போன முதல் பிள்ளை. கணக்கு டீச்சராகி மாலைதீவில் வேலை கிடைத்துப் போனாள். ஒரு சின்னத் தீவில் பள்ளிக்கூடம், பக்கத்திலேயே ஒரு வீட்டில் இரண்டு அறை வாடகைக்கு. போன வருடத்துக்கு முந்தின வருடம் லீவில் வந்தவள், பொங்கல் முடிந்து திரும்பும்போது அப்பாவையும் அம்மாவையும் இரண்டு வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இருவரும் அதற்கு முன் கொழும்புக்கே நான்கைந்து தடவைதான் போயிருப்பார்கள். தலவாக்கலை வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். பூரணி அக்கா ஸ்வெட்டரைக் கழற்றாமலே வேனில் ஏறினார்.

அங்கே போய் இறங்கியதும் ஏர்போர்ட்டில் ஒரு காரியம் நடந்தது. வேலை விசாக்காரர்களுக்கு வேறு வரிசை என்று தனுஜாவை ஒரு பக்கம் அனுப்பிவிட்டார்கள். இவர்கள் இருவரும் இன்னொரு வரிசை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மாயாண்டி அண்ணன் சிங்களத்தில் பதில் சொல்லிப் பார்த்தார். பிறகு தமிழில் சொன்னார். பிறகு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். எதற்கு ஆம், எதற்கு இல்லை என்று அவருக்கே தெரியவில்லை. அதிகாரி பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஓரத்தில் இருந்த பெஞ்சைக் கையால் காட்டினார். தனுஜா தேடி வருவதற்கு அரை மணிநேரம் ஆனது. அவள் இரண்டு வார்த்தை பேசியதும் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, பிடிபட்ட கள்ளனைப் போல அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை அண்ணன் மகளிடமும் பேசவில்லை, மனைவியிடமும் பேசவில்லை. என்னிடம்கூட ரொம்ப நாளுக்குப் பிறகுதான் சொன்னார்.

தீவு அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடந்துபோகக் கால்மணி நேரம். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. காலையில் தனுஜா பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவாள். இவர் துறைமுகப் பக்கம் கயிற்றால் பின்னின நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் ஆண்களோடு போய் உட்காருவார். அவர்கள் சிரித்தால் இவரும் சிரிப்பார். பேச ஒன்றும் இல்லை. தோட்டத்தில் நான்கு பேர் மதித்துப் பேசும் மனிதர், அங்கே டீச்சருடைய அப்பா, அவ்வளவுதான். மூன்றாம் நாளே வீட்டுக்குப் போகவேண்டும் என்று இருந்ததாம்.

பூரணி அக்காவுக்கு நேர்மாறாக நடந்தது. வீட்டுக்கார அம்மா ஒருத்தி, அக்காவின் வயதுதான் இருக்கும். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. ஆனாலும் இரண்டாம் நாளே இருவரும் சேர்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். பின்னேரத்தில் அந்தத் தீவுப் பெண்கள் உடுத்த உடுப்போடு கடலில் இறங்கிக் குளிப்பார்கள். வீட்டுக்கார அம்மா அக்காவையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் நாள் கணுக்கால் வரை. அடுத்த நாள் முழங்கால் வரை. ஐந்தாம் நாள் தனுஜாவின் பழைய சுரிதாரைப் போட்டுக்கொண்டு கழுத்து வரை இறங்கிவிட்டார். தண்ணீர் நம் ஊரில் அடுப்பில் வைத்து இறக்கியதைப் போல இளஞ்சூடாக இருக்குமாம். அலை கிடையாது. அக்கா அதில் ஒரு மணிநேரம், ஒன்றரை மணிநேரம் நிற்பார்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, காலையில் எழுந்ததும் அக்கா கையை நீட்டி மாயாண்டி அண்ணனிடம் காட்டினார். பிறகு மெதுவாக மூடினார். நான்கு விரலும் உள்ளங்கையில் போய்ப் படிந்தன. "பாருங்க" என்று மட்டும் சொன்னார். அண்ணன் பார்த்தார். ஐந்தாறு வருடமாக அவர் அந்தக் கையை மூடிப் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்ததாம். அதை அவர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார், நான் நம்பமாட்டேன் என்று நினைத்தவர்போல.

திரும்புவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, காலையில் அக்கா தனுஜாவின் தலையைப் பின்னிவிட்டார். அவள் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது கடைசியாகப் பின்னியது. வீட்டு வாசலில் தாயும் மகளும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூட மணி அடித்தது கேட்டும் தனுஜா எழுந்திருக்கவில்லை. அம்மா பின்னி முடித்து ரிப்பனைத் தேடியபோதுதான் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடினாள்.

அன்று மத்தியானம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே துறைமுகத்துக்கு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்கள் வீட்டில் எந்தக் காரியமானாலும் அப்பா வழியாகத்தான் அம்மாவுக்குப் போகும். அம்மாவிடம் நேரே கேட்டால் அப்பாவைக் கேள் என்று சொல்லிவிடுவார். அது அந்த வீட்டுப் பழக்கம்.

"அப்பா, அம்மா இங்கயே நிக்கட்டும்ப்பா. விசாவ மூணு மாசம் வரைக்கும் நீட்டலாம். ஆபீஸ்ல விசாரிச்சிட்டேன். சித்திர வருசத்துக்கு நானே கூட்டிக்கிட்டு வந்துர்றேன். நீங்களும் நிக்கிறதுன்னா நில்லுங்க. இல்ல போறதுன்னாலும், நான் ஏர்போர்ட் வரைக்கும் வந்து ஏத்தி விடுறேன்."

அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார்.

அவர் தீவில் நிற்பது என்பது அவரால் ஆகாத காரியம். அது அவருக்குத் தெரியும். அப்படியென்றால் தனியாகத் திரும்ப வேண்டும். மகள் ஏர்போர்ட் வாசல் வரைதான் வருவாள். உள்ளே அந்தக் கண்ணாடி, அந்த அதிகாரி, அந்த பெஞ்ச். இந்த முறை தேடி வருவதற்கு ஆள் இருக்காது. பக்கத்தில் பூரணி இருந்தால் அவளுக்கும் ஒன்றும் தெரியாதுதான், ஆனாலும் இரண்டு பேர். ஒருவர் விழித்தால் விழிப்பது அசிங்கம், இரண்டு பேர் விழித்தால் வயதானவர்கள், பாவம் என்று விட்டுவிடுவார்கள். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு பின்னேரம் வரை அந்த நாற்காலியிலேயே இருந்தார். பயமாக இருக்கிறது என்று யாரிடமும் போய்ச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அறுபத்திரண்டு வயது. ஃபேக்டரியில் ஒரு ராத்திரி அடுப்பில் நெருப்புப் பரவியபோது உள்ளே போய் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு வந்தவர்.

பின்னேரம் கடற்கரைக்குப் போனார். அக்கா குளித்துவிட்டு மணலில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தார். இவர் வாயைத் திறக்கும் முன்பே அக்காதான் பேச்சை எடுத்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் இங்கன நின்னா கை முழுசா நல்லாயிரும் போல இருக்குங்க."

"விசா ரெண்டு வாரத்துக்குத்தான் குடுத்திருக்கான்" என்றார் அண்ணன். "மேல ஒரு நாள் நின்னாலும் புடிச்சு உள்ள வச்சிருவாங்க."

பாஸ்போர்ட் இரண்டும் அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தன. ஒரு மாதத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள். தனுஜா அதைக் காட்டி வாசித்துச் சொல்லியிருந்தாள். அக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாங்கிப் பார்த்திருக்கமாட்டார்.

அக்கா கேட்டார். "தனுஜா ஒண்ணும் சொல்லலியா?"

"அவ என்ன சொல்லப் போறா. அவளுக்கு ஸ்கூல் வேலையே தலைக்கு மேல கெடக்கு."

விசாவைப் பற்றிச் சொன்னதைவிட இதுதான் பெரிய பொய் என்று அண்ணன் பிற்பாடு என்னிடம் சொன்னார். அந்த நேரத்தில் அது அவருக்குத் தெரியவில்லை. பேச்சை முடித்தால் போதும் என்றுதான் இருந்தது. அக்கா சரி என்று சொல்லிவிட்டு மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

சாப்பிட உட்காருவதற்கு முன் தனுஜா சாடையாகக் கேட்டாள். அம்மாவுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது, போகத்தான் வேண்டும் என்கிறாள் என்று அண்ணன் சொன்னார். தனுஜா அம்மா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அக்கா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

மிஞ்சிய இரண்டு நாளும் அந்த வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. மகள் ஒரு வார்த்தை நில்லுங்கள் என்று சொல்லமாட்டாளா என்று தாய் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மனம் மாறி நிற்கிறேன் என்று சொல்லமாட்டாரா என்று மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் எல்லாம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தனுஜா அம்மாவுக்கு வாங்கிவைத்திருந்த இரண்டு மெல்லிய பருத்திச் சட்டைகளைப் பெட்டியில் வைக்கப்போய், அங்கே குளிருக்கு இது எதற்கு என்று திரும்பவும் எடுத்து அலுமாரியில் வைத்தாள். அக்கா அதையும் பார்த்தார்.

கடைசி நாள் பின்னேரம் அக்கா மற்ற நாட்களைவிட நேரத்தோடு கடலுக்குப் போனார். குளித்த பெண்கள் ஒவ்வொருவராக ஏறிப் போன பிறகும் அவர் ஏறவில்லை. வீட்டுக்கார அம்மா கரையில் துடைக்கத் துவாயை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அண்ணன் தென்னைமரத்தடியில் நின்று பார்த்தார். தண்ணீருக்குள் கையை விரித்து மூடி, விரித்து மூடி, அக்கா அதையே செய்துகொண்டிருந்தாராம். வெளிச்சம் குறைந்த பிறகு தனுஜா வந்து கூப்பிட்டுத்தான் ஏறினார்.

மறுநாள் படகில் வரும்போது சொல்லிவிடலாமா என்று அண்ணனுக்கு இருந்தது. எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று இருந்துவிட்டார். ஏர்போர்ட்டில் தனுஜா அவர்களை உள்ளே விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். வரிசை வந்தது. அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கினார், இரண்டு முத்திரை குத்தினார், கொடுத்துவிட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நம் கட்டுநாயக்க ஏர்போர்ட்டில் வந்து இறங்கினால் எல்லாம் சிங்களம், அது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தனியாக வந்திருந்தாலும் இதே கதைதான்.

தலவாக்கலைக்கு நான் போய் ஏற்றிக்கொண்டு வந்தேன். பயணம் எப்படி என்று கேட்டேன். அக்கா நன்றாக இருந்தது என்றார். கையை மூடிக் காட்டினார். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. அண்ணன் பேசாமல் வந்தார், களைப்பு என்று நினைத்தேன்.

அது தை மாதக் கடைசி. காலையில் புல்லில் பனி வெள்ளையாக உறைந்து கிடக்கும் காலம். பத்து நாளில் அக்காவின் விரல்கள் பழையபடி ஆகிவிட்டன. மாசி மாதம் முடிவதற்குள் பழையதைவிட மோசம். அண்ணன் தைலம் வாங்கி வந்து தேய்த்துவிட்டார். வெந்நீர் வைத்துக் கையை அதில் வைக்கச் சொன்னார். தண்ணீர் எடுப்பது, விறகு கொத்துவது, கடைசியில் துணி துவைப்பதுகூட அவர் வேலையானது. எல்லோரும் தண்ணீர் எடுக்கும் பீலிக்கரையில் அவர் சேலை அலசுவதைப் பார்த்து லயத்து ஆட்கள் கேலி பேசினார்கள். மனுஷன் மாலைதீவு போய்வந்து நாகரிகமாகிவிட்டார் என்றுகூட ஒருவன் சொன்னான். அவர் சேலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பூரணி அக்காவும் மாறித்தான் இருந்தார். முன்பெல்லாம் தனுஜாவின் போன் வந்தால் அரை மணிநேரம் பேசுவார். இப்போது நன்றாக இருக்கிறாயா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை அண்ணனிடம் கொடுத்துவிடுவார். பிள்ளைக்கு வேலை இருக்கும், நாம் பேசிப் பேசி நேரத்தைக் கெடுக்கக்கூடாது என்பார்.

ஆவணி மாதம் தனுஜா லீவில் வந்தாள். வந்த அன்றே அம்மா தேநீர் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்குவதைப் பார்த்தாள். விரல் ஒன்றும் வளையவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்பவே நில்லுங்கன்னு சொன்னேன். நீங்கதான் வீட்டுக்குப் போவணும்னு ஒரே புடியா நின்னீங்க. இப்ப பாருங்க கைய."

பூரணி அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். மகளைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற மாயாண்டி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். இப்போது எல்லாம் வெளியே வரப்போகிறது என்று நினைத்தார்.

"ஆமா" என்றார் அக்கா. "வீட்டு நெனப்பு வந்துருச்சு. என்ன செய்றது."

அதோடு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் தனுஜா சிநேகிதி ஒருத்தியைப் பார்க்கத் தலவாக்கலைக்குப் போன பிறகுதான் அக்கா பேசினார். அண்ணன் அடுப்பில் விறகு வைத்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து, சத்தம் போடாமல் கேட்டார்.

"விசா ரெண்டு வாரந்தானா?"

"இல்ல. ஒரு மாசம். நீட்டவும் செய்யலாம்னு தனுஜா சொல்லிச்சு."

"அந்தப் புள்ள என்னைய நிக்கச் சொல்லிக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அண்ணன் விறகைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தனியா வர பயமா இருந்துச்சு பூரணி. போன அன்னைக்கு உக்கார வச்ச மாதிரி உக்கார வச்சிருவாங்களோன்னு."

அக்கா திட்டுவார் என்று அண்ணன் பார்த்தார், அழுவார் என்று பார்த்தார். இரண்டும் நடக்கவில்லை.

"இதச் சொல்லியிருந்தா நான் கூடவே கெளம்பியிருப்பேனே" என்றார் கடைசியில். "ஒரு வார்த்த மறுத்திருக்க மாட்டேன். கை போனா போகுது. ஏழு மாசமா, பெத்த மக ஒரு பேச்சுக்குக்கூட நில்லுன்னு சொல்லலயேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். அத நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மகளிடம் சொல்லவேண்டாம் என்று அக்கா தடுத்தாராம். போகிற பிள்ளையை மனம் நோக அனுப்பவேண்டாம் என்றார். அண்ணன் கேட்கவில்லை. தனுஜா திரும்பும் அன்று காலையில் என் ஆட்டோவில் அவளை பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். தலவாக்கலை நீர்த்தேக்கத்துப் பக்கம் வரும்போது, "விஜி, ஓரமா நிப்பாட்டு" என்றார். நான் இறங்கி அந்தப் பக்கம் போகப் பார்த்தேன். நீயும் இரு என்றார். நான் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் மகளிடம் சொன்னார். அந்த பெஞ்சிலிருந்து ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல் சொன்னார். நானும் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அவர் முடித்த பிறகு தனுஜா இதைத்தான் கேட்டாள்.

"அம்மா என்னப் பத்தி என்ன நெனச்சுக்கிட்டு இருந்தாங்க?"

"நீ கேக்கவே இல்லன்னு."

"அதான் போன்ல பேசாம இருந்தாங்களா?"

"ம்."

அவள் மடியிலிருந்த பையின் வாரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பிறகு, வண்டியைத் திருப்பச் சொன்னாள். அந்த பஸ்ஸை விட்டுவிட்டோம். வீட்டுக்குப் போய் அம்மாவோடு இரண்டு மணிநேரம் உள்ளே இருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போனாள். மறுபடி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அண்ணன் வண்டியில் ஏறவில்லை. நீ கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்று என்னிடம் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார்.

அம்மாவைத் திரும்பவும் கூட்டிக்கொண்டு போ என்று பிறகு போனில் கெஞ்சிக் கேட்டிருக்கிறார். போக வழி இல்லை. பள்ளிக்கூடத்து ஒப்பந்தம் அந்தத் தவணையோடு முடிந்தது. அந்தத் தீவுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். தனுஜா ஊருக்கு வந்தாள், பண்டாரவளைப் பக்கம் ஒரு ஆசிரியரைக் கல்யாணம் முடித்தாள். அங்கேயும் மலைதான், குளிர்தான்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. போன வருடம் பொங்கல் முடிந்ததும், இதே மாதத்தில்தானே அங்கே கடல் நன்றாக இருந்தது என்று நினைத்து, அக்காவைத் திருகோணமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஒரு பஸ். நிலாவெளியில் ஒரு அறை எடுத்தார். யாரிடமாவது விசாரித்துவிட்டுப் போயிருக்கலாம். தை மாதத்தில் அந்தப் பக்கம் வாடைக்காற்று ஓயாத காலம். கடல் ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்தது, தண்ணீர் கலங்கல், மழைத் தூறல் வேறு. அந்த ஊர்க்காரர் ஒருவர், இந்த மாதத்தில் யாரும் இறங்கமாட்டார்கள், ஆடி ஆவணியில் வாருங்கள் என்றார். இரண்டு நாள் காத்திருந்து பார்த்தார்கள். அக்கா ஸ்வெட்டரோடு மணலில் உட்கார்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு வாளியில் கடல் தண்ணீர் மொண்டு வந்து அறையில் வைத்துக் கையை அதில் வைக்கச் சொன்னார். அக்கா அவர் மனதுக்காகக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அது சில்லென்று இருந்ததாம். அதன் பிறகு ஆடி வந்தது, ஆவணி வந்தது. போவோமா என்று அண்ணன் கேட்டதற்கு, இருக்கட்டும், பஸ்ஸில் உட்கார முடியாது என்றுவிட்டார்.

இப்போது அக்காவுக்கு அறுபது வயது. சாப்பாட்டைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிறார். தலை சீவிவிடுவது அண்ணன்தான். பின்ன அவருக்கு வராது, அள்ளிக் கட்டிவிடுவார். அவர்களுக்குள் சண்டை என்று ஒன்றும் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்குத் தெரியாமல் இருக்குமா. சாயந்திரம் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது கேட்கும். அக்கா சிரிப்பதும் கேட்கும்.

தனுஜாவும் அப்பாவிடம் பேசாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போடுவாள். உடம்பு எப்படி, மழை எப்படி, மாத்திரை இருக்கிறதா என்று அவரிடம் எல்லாம் கேட்பாள். மரியாதை ஒன்றும் குறையவில்லை. ஆனால் அம்மாவிடம் சொல்ல வேண்டியது எதுவானாலும், அது ஒரு சின்ன விஷயமானாலும், அவரிடம் சொல்லி அனுப்புவதில்லை. போன மாதம் அவளுக்குப் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்ற செய்தி வந்த அன்று நான் அங்கே இருந்தேன். போனை எடுத்தவர் அண்ணன்தான். என்னம்மா என்று கேட்டார். அந்தப் பக்கம் ஏதோ சொன்னாள்.

"அம்மாகிட்டயே சொல்லணுமாம்" என்று போனை அக்காவின் காதில் பிடித்தார். அக்காவால் பிடிக்க முடியாதே. அக்கா கேட்டுக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கை வலித்தும் மாற்றாமல், பிடித்துக்கொண்டே நின்றார்.